ஏழாவது மாதிரியின் உறை

நாகல் நகர், திண்டுக்கல்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள லிடியாவுக்கு,

நர்கீஸ் எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம். கொரியாவின் குளிரை உன் தொண்டை தாங்குகிறதா? தபாலில் போட்டால் உன் கெடு முடிந்துவிடும் என்பதால் மின்னஞ்சலில் அனுப்புகிறேன்.

ஏழாவது மாதிரியை எப்படிச் செய்தேன் என்று மூன்று முறை கேட்டாய். மூன்று முறையும் ‘நோட்டில் உள்ளபடிதான் செய்தேன்’ என்றேன். அது பொய்.

கல்லூரி ஆய்வகத்தில் காந்த நானோத் துகள்களுக்கு சிலிக்கா உறை போட்டோமே, அந்த மாதிரிகளில் ஏழாவது மட்டும்தான் மைக்ரோவேவ் அலையை அப்படியே விழுங்கியது. செய்தவள் நான், அளந்தவள் நீ. அதைக் காட்டித்தான் இருவருக்கும் கொரியாவில் ஆய்வு செய்ய இடம் கிடைத்தது. அத்தா, “மதுரைன்னா போம்மா, கடல் தாண்டியெல்லாம் வேணாம்” என்று முடித்துவிட்டார். வழியனுப்ப வந்தபோது நான் அழுதது உன் பிரிவுக்காக என்று நினைத்தாய். நான் திருத்தவில்லை.

நேற்று உன் அம்மாவைச் சந்தையில் பார்த்துவிட்டு வந்த என் அம்மா, “அந்தப் புள்ளைக்கு இம்புட்டு நாளாகியும் சரியா வரலையாம்டி. மாசக் கடைசிக்குள்ள செஞ்சு காட்டலேன்னா திருப்பி அனுப்பிருவாகளாம். செத்த பேசேன் அதுட்ட” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா பார்த்துவிடக் கூடாதென்று அடுப்படிக்குள் போய் நின்றேன். அங்கே என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

நோட்டில் ஆறு மணி நேரம் கலக்கியதாக இருக்கிறது. முந்தைய பக்கத்தைப் பார்த்து வழக்கம்போல் எழுதிவிட்டேன். உண்மையில் அன்று தொடங்கியதே இரண்டரை மணிக்கு. பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்வதற்கு முன் வீட்டில் இருக்க வேண்டுமே! ஐந்து மணிக்கு நிறுத்தி, கழுவி, உலர வைத்துவிட்டு பஸ் பிடித்தேன். இரண்டரை மணி நேரம்தான், லிடியா. அதனால்தான் உறை மெல்லியதாக நின்றது. உன் கையில் அது தடித்துப்போகிறது. காந்தத்தின் பங்கு குறைந்து அலை பிடிபடவில்லை. நீ முதல் முறை கேட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது.

இதைச் சொன்னதால் நல்லவளாகிவிட்டேன் என்று நினைக்காதே. உன் ஆய்வகப் படத்தைப் பார்த்தால் இப்போதும் வயிறு எரிகிறது. நீ எழுதப்போகும் ஆய்வுக் கட்டுரையின் அடியில் எனக்கு நன்றி என்று எழுதிவிடாதே, என்னால் படிக்க முடியாது. உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரைப் போடு.

நாளையே செய்து பார். சரியாக வந்தால் உன் பேராசிரியருக்கு முன் எனக்குச் சொல். ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காக துஆ செய்கிறேன் என்று எழுதத்தான் ஆசை. இன்று மதியத் தொழுகையில், லுஹரில் மட்டும்தான் செய்தேன்.

உன்
நர்கீஸ்