மீட்டர் ஓடுகிற வீடு ரெண்டு

அக்டோபர் 7

மாவட்ட அலுவலகத்திலிருந்து ட்ரெவர் வந்தான். இவன் தாத்தா எங்களிடம் தண்ணீர் பம்பை இரவல் வாங்கிப்போய் இன்றுவரை திருப்பித் தரவில்லை. இவனுக்கும் அதே காது. என் சமையலறையில் உட்கார்ந்து என் காப்பியைக் குடித்துக்கொண்டே சொல்கிறான், இந்தக் குளிர்காலத்திலிருந்து தொலைதூர ரோடுகளுக்குப் பனி தள்ளும் வண்டி வராதாம். ஒரு ரோட்டில் கரண்ட் மீட்டர் ஓடுகிற வீடு குறைந்தது ரெண்டு இருந்தால்தான் வருமாம்.

"தொலைதூரமா? எங்கேயிருந்துடா தூரம்?"

"டவுன்லேர்ந்துதான், மேடம்."

"என் வீட்டுலேர்ந்து டவுனும் அவ்வளவு தூரம்தான். அதை யாராவது மூடினாங்களா?"

சிரிக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த ரோட்டில் பள்ளிக்கூடம் இருந்தது. சர்ச் இருந்தது. பெட்ரோல் போட இடம் இருந்தது. ஒவ்வொன்றாக இவர்களே பூட்டிவிட்டு, அங்கே ஒன்றுமே இல்லையே என்று இவர்களே கையை விரிக்கிறார்கள்.

இப்போது மீட்டர் ஓடுவது ரெண்டே வீடு. ஒன்று என்னுடையது. இன்னொன்று எதிர்மேட்டில் இருக்கிறவனுடையது. அவன் பெயரை நான் எழுதுவதில்லை. என் நாய் டிப்பரைச் சுட்டவன். முப்பது வருஷத்துக்கு மேலாயிற்று. பேச்சு கிடையாது. வடக்கு டக்கோட்டாவில் எதிரே வண்டி வந்தால் முன்பின் தெரியாதவனுக்குக்கூட ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரல் தூக்குவோம், அதுதான் இங்கே வணக்கம். அவனுக்கு நான் தூக்கியதில்லை.

அக்டோபர் 9

ஜோலீன் போன் பண்ணினாள். பெற்ற மகள், பேச்சு மட்டும் ட்ரெவர் மாதிரி.

"பனி வண்டி வரலைன்னா ஆம்புலன்ஸ் எப்படிம்மா வரும்? வண்டி நின்ன அன்னிக்கே நான் வந்து உன்னை ஃபார்கோவுக்குத் தூக்கிட்டு வந்துடுவேன்."

"தூக்கிட்டுப் போக நான் என்ன சோபாவா?"

"அத்துவானத்துல யாரும்மா இருக்காங்க உனக்கு?"

அவளுடைய ஃபார்கோ அடுக்குமாடி வீட்டில், பேத்தி பிறந்தபோது போய் இருந்து பார்த்திருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் இருமிக்கொண்டே இருந்தான். யாரென்று கேட்டேன். தெரியாதாம். ஆறு வருஷமாக அங்கே இருக்கிறாள்! லிஃப்டில் எல்லாரும் கூரையைப் பார்க்கிறார்கள். அது பக்கமாம். இது தூரமாம்.

அக்டோபர் 18

தபால் ஆபீசில் வேலை பார்க்கிற பெவ் சொன்னாள், எதிர்மேட்டுக்காரன் மாடுகளை விற்றுவிட்டானாம். அரிசோனாவில் இருக்கிற மகனிடம் போகிறானாம்.

அவன் போனால் ஒரு மீட்டர்தான். ரோடு போச்சு. நானும் தொலைந்தேன்.

பெவ் காதில் கிசுகிசுக்கிறாள்: "நீங்க ஒரு வார்த்தை சொன்னா இருப்பார், டெல்மா."

அக்டோபர் 19

கேட்க மாட்டேன்.

அக்டோபர் 27

போனேன். கேட்கப் போகவில்லை. திட்டப் போனேன்.

கதவைத் திறந்தான். எவ்வளவு குறுகிவிட்டான். "இத்தனை வருஷம் கழிச்சு வர்றே, கையில ஒரு கேக்காவது கொண்டு வந்திருக்கலாம்" என்றான்.

"ஓடறவனுக்குக் கேக் எதுக்கு?"

"மூட்டு ரெண்டும் போச்சு, டெல்மா. ஐஸ்ல விழுந்தேன்னா, பனி உருகினப்புறம்தான் எவனாவது கண்டுபிடிப்பான்."

"நான் கண்டுபிடிச்சிருப்பேன். தினம் உன் ஜன்னலைத்தானே பாக்கறேன்."

"எதுக்கு?"

"இன்னும் உயிரோட இருக்கியான்னு. இருந்தியானா எரிச்சலா வரும்."

சிரித்தான். பாவி, இருமல் வரும்வரை சிரித்தான். பிறகு தானாகவே அந்தப் பேச்சை எடுத்தான். "உன் நாய் என் கன்னுக்குட்டி ரெண்டைக் கடிச்சுக் கொன்னுது."

"தெரியும். என்கிட்டே வந்து சொல்லிட்டுச் சுட்டிருக்கலாம். நான் ராத்திரி முழுக்க அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு வயல்ல நடந்தேன். உன் வீட்டு வரைக்கும் கேட்டிருக்கும்."

"கேட்டுது."

கேட்டது என்கிறான்! கேட்டும் உட்கார்ந்திருந்தானே. வந்துவிட்டேன். மீட்டர் விஷயம் என் வாயில் வரவில்லை. கிளம்பும்போது, ஒரே மீட்டர் என்றால் பனி வண்டி நின்றுவிடும் என்று அவனே சொன்னான், ட்ரெவர் அவனிடமும் போயிருக்கிறான். நான் படியிறங்கிவிட்டேன்.

நவம்பர் 4

போய்விட்டான். நான் தபால் பெட்டியருகில் நின்றேன். வண்டியிலிருந்து விரலைத் தூக்கினான். என் கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது.

நவம்பர் 6

கிழவனுக்குப் புத்தி கெட்டுவிட்டது. முற்றத்துக் கம்பத்தில் விளக்கை எரியவிட்டுப் போயிருக்கிறான். பட்டப்பகலில் எரிகிறது. தண்டம்.

நவம்பர் 20

அந்த ஜன்னலைப் பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் காலையில் காப்பியோடு அங்கேதான் போய் நிற்கிறேன். திட்டுவதற்குக்கூட ஆளில்லாத இடம். தொலைதூரம் என்று ட்ரெவர் சொன்னது இதைத்தானா? சீ, அவனுக்கு என்ன தெரியும்.

டிசம்பர் 3

கதவு பாதி மூடுகிற அளவு பனி. ஜோலீனுக்குப் போன் பண்ணத் துணிவில்லாமல் உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்குப் பனி வண்டிச் சத்தம்! ஓட்டுகிறவன் கஸ். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்க் கத்தினேன், "வழி தவறிட்டியா?"

"ரெண்டு மீட்டர் ஓடுதே. எதிர்மேட்டுக்காரர் கரண்ட்டை நிறுத்தலை. அந்த விளக்கை அணைக்கவே கூடாதுன்னு மின்சார ஆபீஸ்ல சொல்லிட்டுப் போயிருக்காரு. கோடையில வருவாராம்."

உள்ளே வந்து கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைக் கேட்டானா? எனக்கு எதற்கு இவன் தயவு? அன்றைக்குச் சொல்லாமல் சுட்டான். இன்றைக்குச் சொல்லாமல் இதைச் செய்கிறான். எதையும் சொல்லித் தொலையமாட்டானா இந்த மனுஷன்!

ஜனவரி 14

காலையில் பார்த்தால் மேட்டில் விளக்கு எரியவில்லை. பல்பு போய்விட்டது. அந்த வீட்டில் வேறெதுவும் ஓடவில்லை. மீட்டர் நின்றுவிடும்.

மின்சார ஆபீசுக்குப் போன் பண்ணினேன். ஒரு சின்னப் பெண்.

"அவ்வளவு தூரம் ஒரு பல்புக்கு ஆள் அனுப்பணுமா?"

"யாருக்கும்மா தூரம்? எனக்குக் கண்ணுக்கு எதிர்லே இருக்கு."

"வீடு யாரோடது?"

"ஆர்லோ நெஸ்."

"நீங்க சொந்தமா?"

"இல்லை. பக்கத்து வீட்டுக்காரி."

மதியம் ஆள் வந்து மாட்டினான். எரிகிறது. டிப்பர் விஷயத்தில் மன்னிப்பு கிடையாது. அதைக் கோடையில் நேரில் சொல்லிக்கொள்கிறேன்.