டிரம்மில் நீ ஒட்டிய காகிதம்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நான் சுகம்தான், உன் அப்பாதான் சுகமில்லை, அதற்குக் காரணம் நீ. சுற்றிவளைத்துப் பேச எனக்கு வராது.

நீ வேலை பார்க்கும் பெயிண்ட் கிடங்கிலிருந்து நான்கு டிரம் அனுப்பினாயே, படகின் அடியில் அடித்தால் பாசியும் சிப்பியும் ஒட்டாது என்று, அதில் இரண்டை உன் அப்பா பட்டறையில் மூன்று படகுக்கு அடித்து முடித்தார். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் "எம் பையன் அனுப்புனது" என்று ஒரே பெருமை. முதல் பூச்சு சொரசொரப்பாக வந்துவிட்டது என்று கதவைச் சாத்திக்கொண்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், மூக்கில் ஒரு துணிகூடக் கட்டவில்லை. மறுநாளே இரண்டு முழங்கையிலும் கொப்புளம், கண் சிவந்து நீர் வடிகிறது, மாடி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார். போனில் உன்னைக் கேட்டேன். "தகரம்தாம்மா அதுல இருக்கு, சாப்பாட்டு டப்பாவுக்கு உள்ள பூசுறாங்களே அதே தகரம், சும்மா பயப்படாத" என்று சொல்லி வைத்துவிட்டாய். யார் காதில் பூ சுற்றுகிறாய்?

பட்டறைக்குப் பின்னால் கடலோரத்தில் நத்தை எண்ண வரும் தண்ணீர்ப் பரிசோதனை அலுவலகப் பெண்ணைப் பிடித்துக் கேட்டேன். தகரம் தனியாக இருந்தால் சாது, டப்பாவைத் துருப்பிடிக்காமல் காக்கும், ரேடியோவுக்குள் கம்பியைப் பற்றவைக்க உதவும் என்றாள். அதையே வேறு சரக்கோடு சேர்த்து இந்தப் பெயிண்டில் போட்டால் விஷம், தடை செய்து வருஷக்கணக்காகிறது, மிச்சம் இருப்பதை அழிக்கத்தான் கிடங்குகளில் ஒதுக்கி வைத்திருப்பார்கள் என்றாள். அது கலந்த தண்ணீரில் பெண் நத்தைக்கு ஆணுறுப்பு முளைத்து, முட்டை வெளியே வர வழியில்லாமல் அடைத்துக்கொள்ளுமாம். தேய்த்த தூளையெல்லாம் குழாய் பீய்ச்சித் தண்ணீரில் தள்ளியது நான்தான். அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அப்போதுகூட உனக்குத் தெரியாமல் நடந்தது என்றுதான் நினைத்தேன். நேற்று மீதி டிரம்மைத் துடைத்தபோது ஈரத்தில் மேல் காகிதம் உரிந்து வந்தது. அடியில் மண்டையோட்டுப் படம், கையுறை, முகமூடி என்று அத்தனை எச்சரிக்கையும் இருக்கிறது. அதை மறைத்து 'படகு பெயிண்ட்' என்று எழுதி ஒட்டியது உன் கை. உனக்கு விரல் பிடித்து எழுதப் பழக்கியவள் நான், எனக்கா தெரியாது? ஓசியில் கிடைத்ததை அனுப்பி நல்ல பிள்ளை என்று பேர் வாங்கிக்கொண்டாய், பாவி.

டாக்டரிடம் தனியாகப் போய் எல்லாம் சொல்லிவிட்டேன். டிரம் இரண்டையும் அந்தப் பெண் சொன்ன அன்றே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறேன். உன் அப்பா ஐந்து நாளாக என்னோடு சண்டை போடுகிறார். பிள்ளை ஆசையாக அனுப்பியதைத் தடுக்கிறேனாம், பூட்டை உடைப்பாராம். விஷம் என்றால் "எம் பையன் அப்படி அனுப்புவானா" என்கிறார். காகிதத்தை நான் காட்டினால் மனிதர் ஒடிந்துவிடுவார். அதனால் நீயே சொல்ல வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போன் செய்து, தெரிந்துதான் அனுப்பினேன் என்று உன் வாயால் சொல். டிரம்மை அந்த அலுவலகப் பெண் வந்து எடுத்துக்கொள்கிறாள், அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

எவ்வளவு திட்டினாலும் நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். மருமகளைக் கேட்டதாகச் சொல். கிடங்கில் கையுறை இல்லாமல் எதையும் தொடாதே. ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். நீ உண்மையைச் சொன்னதும் உன் அப்பா கோபப்பட மாட்டார். மூச்சு வாங்கிக்கொண்டே, "நீ அதைத் தொட்டியாடா, உனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றுதான் கேட்பார். அதற்குப் பதில் யோசித்து வைத்துக்கொண்டு போனை எடு.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா