பதினான்காம் தேதிப் பெண்

லௌடோக்கா, பிஜி
ஏப்ரல் 18, 2000

அன்புள்ள சதாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். சர்க்கரை ஆலை இன்னும் திறக்கவில்லை. ஊரே சும்மா இருக்கிறது, எனக்கு மட்டும் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

மே பதினான்கு இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை. கிர்மித் என்கிற ஒப்பந்தத்தில் கூலிகளாக நம் முன்னோரை ஏற்றிவந்த முதல் கப்பல் கரை தொட்ட நாள் என்று கிர்மித் மண்டபத்தில் விழா. அன்றே அன்னையர் தினமும். எண்பத்தேழில் அதே தேதியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த கதையை ரேடியோக்காரர்களும் விடமாட்டார்கள். இத்தனைக்கும் நடுவே நம் ரொஷ்னிகாவுக்குப் பதின்மூன்று வயது நிறைகிறது.

"எல்லாருக்கும் அந்த நாள்ல ஏதோ ஒண்ணு இருக்கு. எனக்கு அப்பா இருக்கணும்னு கேட்டா தப்பாம்மா?" என்றாள் நேற்று. நான் ரொட்டியைக் கருகவிட்டேன்.

வருடா வருடம் வாழ்த்தைப் பதினைந்தாம் தேதிதான் தொலைபேசியில் சொல்கிறீர்கள். வந்தபோதும் டிசம்பரில்தான் வந்தீர்கள். இந்தத் தடவை அவளுடைய நாளில் வாருங்கள். வந்தால், இத்தனை காலம் நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பதற்குச் சம்மதிக்கிறேன். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு உங்களோடு சிட்னிக்கு வந்துவிடுகிறேன்.

உங்கள்
வசந்தி


சிட்னி
மே 2, 2000

என் வசந்திக்கு,

உன் கடிதத்தை பஸ் டெப்போவிலேயே நின்றபடி படித்தேன். அன்று மாலையே டிக்கெட் வாங்கிவிட்டேன். ஆனால் பதினாறாம் தேதிக்கு. கோபப்படாமல் மேலே படி.

அவள் பிறந்த அன்று நான் சுவாவுக்கு பஸ் ஓட்டிப் போயிருந்தேன் அல்லவா? வழியில் சிலர் மறித்து என்னை டிரைவர் சீட்டிலிருந்து இழுத்துக் கீழே போட்டார்கள். "உன் கப்பல் எங்கேன்னு தேடிப் போடா" என்றான் ஒருவன். வாரம் தவறாமல் என் பஸ்ஸில் ஏறுகிறவன். பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சில்லறை கொடுத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து குழந்தையை வாங்கியவன் விடியும்வரை கீழே விடவில்லை. சந்தோஷம் என்று நீ நினைத்துக்கொண்டாய். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

அந்தத் தேதியில் அந்த மண்ணில் இறங்க என்னால் முடியவில்லை. மே பிறந்தாலே தூக்கம் போய்விடுகிறது, அறைக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். இரண்டு நாள் தள்ளிக் கேக் வெட்டினால் என்ன குறைந்துவிடும்?

பிரியமுள்ள
சதாசிவன்


லௌடோக்கா
மே 8, 2000

அன்புள்ள சதாவுக்கு,

படித்துவிட்டு அழுதேன். முன்பே சொல்லியிருக்கலாம். நான் அந்நியளா?

ஆனாலும் கேளுங்கள். அன்று எனக்கு வலி எடுத்தபோது கடைகளெல்லாம் அடைத்துவிட்டார்கள், ஒரு டாக்ஸி இல்லை. பக்கத்து வீட்டு மெரேயானிதான் தன் புருஷனை எழுப்பி, கரும்பு லாரியில் என்னை மடியில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். அவளும் உங்களை அடித்தவனும் ஒரே ஜனம், இந்த மண்ணின் பூர்வகுடிகள். எனக்கு அந்த நாள் என்றால் அவள் மடிதான்.

பதினாறு என்று மகளிடம் சொன்னேன். "அப்போ அவரு வேற யாரோட பொறந்தநாளுக்கோ வர்றாரு" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பதினாறாம் தேதி வருவதானால் வரவேண்டாம்.

வசந்தி


சிட்னி
மே 22, 2000

வசந்தி,

நீ வரவேண்டாம் என்றதால் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது மறுபடியும் நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கி. லைன் கிடைக்கவே இல்லை. பஸ்ஸில் ஏறுகிற நம் ஊர்க்காரர்களிடமெல்லாம் லௌடோக்கா எப்படி என்று கேட்கிறேன். யாருக்கும் தெரியவில்லை.

உங்கள் இருவருக்கும் விசா தயாராக இருக்கிறது. தேதியும் வேண்டாம், நிபந்தனையும் வேண்டாம். கிளம்பி வாருங்கள்.

சதா


லௌடோக்கா
ஜூன் 27, 2000

அன்புள்ள சதாவுக்கு,

எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிழக்கே மலைப்பக்கத்தில் கலவரத்தில் வீடு இழந்த நம் ஜனங்களை கிர்மித் மண்டபத்தில் தங்கவைத்திருக்கிறார்கள். விழாவுக்குத் தீட்டிய கப்பல் படுதா இன்னும் மேடையில் தொங்குகிறது. அதன் கீழேதான் பாய் விரித்துப் படுக்கிறார்கள். காலையில் அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். மெரேயானி சேம்பு அவித்துக் கொண்டுவருகிறாள். யார் முகத்தையும் பாராமல் பரிமாறிவிட்டுப் போகிறாள். "டீச்சர், நீங்களும் போயிடுவீங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள். போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

ஆகவே நான் வரவில்லை. இனி வருவேன் என்றும் காத்திருக்கவேண்டாம். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் இறங்கப் பயப்படுகிற மண்ணை என்னால் விட முடியவில்லை, அவ்வளவுதான்.

ரொஷ்னிகா வருகிறாள். நான் அனுப்பவில்லை, அவளே கேட்டாள். "அவரால வர முடியலேன்னா நான்தானேம்மா போகணும்" என்றாள். ஜூலை ஒன்பதாம் தேதி, ஞாயிறு, மெரேயானியின் தங்கையோடு விமானம் ஏறுகிறாள்.

நீங்கள் கடைசியாகப் பார்த்தபோது இரண்டாம் வகுப்பு. இப்போது என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். உங்களை அவள் அடையாளம் கண்டுகொள்ளட்டும் என்று நின்றுவிடாதீர்கள். முன்னால் போய், நீங்களே பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

வசந்தி