குடைபிடித்துப் போன கஞ்சி

வளம் ஓங்குக. ஏழு ஆறுகள் கடல் சேரும் நெடுந்துறை நாட்டை ஆண்டருளும் பெருந்தேவி ஒளிநிலை நாச்சியாரின் ஆணை தாங்கி, அவர்தம் அமைச்சன் பொழிலன் கண்டன், மேட்டுக்கோட்டத்தின் தலைவரும், இரட்டைக் கவரி பெற்றவரும், பகைவர் யானையைப் பின்னோக்கி நடக்கச் செய்தவர் என்னும் விருதுக்கு உரியவருமான மல்லங்கூத்த விழுப்பரையருக்கு விடுக்கும் ஓலை. உமது கோட்டத்தில் மழை தவறாமலும், மாடுகள் கன்று ஈன்றும், புதிதாக எழும் பேரேரியின் கரை உடையாமலும் இருப்பதாக.

நீர் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. ஏரிக்கரைக்கு மண் சுமக்கும் பெண்கள் தம் சிறு பிள்ளைகளைப் பகலில் விட்டுச் செல்லும் பிள்ளைமனையின் தலைவி ஏறன் சாத்தி, ஐவர் ருசி பார்க்கும் முன்பே பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டாள் என்றும், இக்குற்றத்துக்கு அவளை நாட்டு எல்லைக்கு அப்பால் துரத்த வேண்டும் என்றும், அந்தத் தண்டனை ஓலையில் அரச முத்திரை வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். ஒருத்தியை ஊரும் உறவும் இல்லாமல் ஆக்கும் ஓலையில் முத்திரை பதிக்கும் முன், அந்தக் கஞ்சி நாள்தோறும் என்னவாகிறது என்று பார்க்க ஆவல் கொண்டு நாமே மேட்டுக்கோட்டம் வந்தோம். நீர் மான் வேட்டைக்குச் சென்றிருந்தமையால் உம்மைக் காணும் பேறு வாய்க்கவில்லை. கஞ்சியைக் கண்டோம்.

முதற்கண் உமது அக்கறையைப் போற்றுகிறோம். அரசர்க்கு உணவில் நஞ்சிடுவார் உண்டு. ஆகவே அரசர் உண்ணும் முன் பிறர் உண்டு பார்ப்பது வழக்கம். அந்தக் காவலை மண் சுமப்பவளின் மகளுக்கும் நீர் விரித்துத் தந்தீர். பிற கோட்டத் தலைவர்கள் ஏழைப் பிள்ளைகளை மறந்து கெடுக்கிறார்கள். நீர் ஒருவரே நினைத்துக்கொண்டே இருக்கிறீர்.

விடியலில் சாத்தி அரிசியும் பாசிப்பயறும் குழைய வேகவைத்து, பால் ஊற்றி, ஒரு கொதி விட்டு இறக்குகிறாள். நல்ல கஞ்சி, நாம் ஒரு கிண்ணம் குடித்தோம், பிறகு ஆராய்ச்சியின் பொருட்டு இன்னொன்றும் குடித்தோம். அடுத்து மடைப்பள்ளித் தலைவன் வந்து, அகப்பையால் அள்ளி, அகப்பையிலேயே வாய் வைத்து உறிஞ்சி, அதைப் பானைக்குள் திரும்பப் போட்டுவிட்டு, தன் உயிர் போகிறதா என்று அறிய ஒரு நாழிகை உட்கார்ந்திருந்தான். உயிர் போகவில்லை. பிறகு அதே அகப்பையில் பண்டாரக் காவலன். அவனுக்கு அன்று கடும் சளி. பிறகு ஓலை எழுதுவோன், பிறகு காவற்படைத் தலைவன், ஒவ்வொருவருக்கும் ஒரு நாழிகை. ஐந்தாமவர் நீர். ஆகவே பானை, மூடினால் மரியாதைக் குறைவு என்பதால் திறந்த வாயோடு, வெண்குடையின் கீழ், முன்னே சங்கு ஊத, மேட்டில் ஏறி உமது கோட்டைக்குப் போனது. நாம் பின்னால் நடந்தோம். குடை நிழல் ஈக்களுக்கும் இதமாகவே இருந்தது. கோட்டையில் உமது காலி இருக்கையின் முன் பானையை ஒரு நாழிகை வைத்திருந்தார்கள். நீர் ஊரில் இருக்கும் நாளிலும் அதை வாயில் வைப்பதில்லை, கண்ணால் நோக்கி அருளுவதே வழக்கம் என்று அறிந்தோம். உச்சிப் பொழுதில் பானை திரும்பி வந்தது. விடியலிலிருந்து வெறும் வயிற்றோடு வாசலில் நின்ற பிள்ளைகளுக்குக் குடை ஏதும் இல்லை.

இதில் என்ன நடக்கிறது என்பதை விளக்குவது எமக்கு மிக விருப்பமான வேலை. கொதிக்கும் கஞ்சியில் கேடு பிழைப்பதில்லை. கஞ்சி ஆறி, விரல் பொறுக்கும் வெதுவெதுப்புக்கு வரும்போது, வாயிலிருந்தும் கையிலிருந்தும் ஈயின் காலிலிருந்தும் வந்து விழும் கேடு அதில் குடியேறுகிறது. நேரம் கொடுத்தால் குடும்பம் பெருக்குகிறது. நீர் ஐந்து நாழிகையும் ஒரு மலைப்பயணமும் கொடுத்தீர். உழவர்கள் பழங்கூழ் குடித்து நலமாக இருக்கிறார்களே என்று நீர் கேட்கலாம்; நல்ல கேள்வி. கூழை வேண்டுமென்றே புளிக்க விடுகிறோம், அந்தப் புளிப்பே அதற்குக் காவல். பால் சேர்ந்த பயற்றங்கஞ்சிக்கு அந்தக் காவல் கிடையாது. மேலும் உழவனின் உடல் குளம் போன்றது, நாலு குடம் போனாலும் தாங்கும். இரண்டு வயதுப் பிள்ளையின் உடல் ஒரு கிண்ணம். ஒரே பகலில் வற்றிவிடும்.

அப்படி வற்றியதும் உண்டு. சென்ற திங்கள் முப்பத்தொரு பிள்ளைகளுக்கு வயிறு போனது. அப்போது ருசி பார்ப்பவர் நால்வரே. நீர் நஞ்சென்று ஐயுற்று, உம்மையும் சேர்த்து ஐவராக்கினீர். மறுவாரம் வெண்ணி என்னும் இரண்டு வயதுக் குழந்தைக்குக் கண் குழி விழுந்து, அழுதாலும் கண்ணீர் வராத நிலை ஆயிற்று. சாத்தி அவளை மடியில் கிடத்தி, உப்பிட்ட வடிகஞ்சியைச் சிறு கரண்டியால் பகல் முழுதும் சொட்டுச் சொட்டாக ஊட்டினாள். குழந்தை பிழைத்தது. மறுநாள் விடியலில்தான் சாத்தி உமது ஆணையை மீறினாள்.

அப்போது அவளுக்கும் காவற்படைத் தலைவனுக்கும் நடந்த பேச்சை ஓலை எழுதுவோன் சொல் மாறாமல் பதிந்து வைத்திருக்கிறான். ருசி பார்க்காமல் ஊட்டக் கூடாது, யாராவது நஞ்சு வைத்திருந்தால் என் தலையல்லவா போகும் என்று தலைவன் சொன்னதற்கு, இதுகளுக்கு நஞ்சு வைக்க எவன் மெனக்கெடுவான் அப்பனே, இதுகள் பட்டம் ஏறிவிடும் என்று பயந்தா, மூக்குச் சிந்தவே இன்னும் என் முந்தானை வேண்டியிருக்கிறது என்றாளாம். தினமும் அந்தக் கஞ்சியைத்தானே நானும் குடிக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே தாயே என்று அவன் கேட்க, நீ குடிப்பது காலையில் இறக்கின கஞ்சி, இதுகள் குடிப்பது நீங்கள் எல்லாரும் எச்சில் பண்ணி, ஊர்கோலம் போய் வந்த கஞ்சி, இரண்டும் ஒன்றா என்றாளாம். அவன் ஏரிக்கரையில் ஏதோ சத்தம் கேட்பதாகச் சொல்லி அந்தப் பக்கம் போய்விட்டான். தொடர்ந்து ஆறு நாள் அவனுக்கு அந்தச் சத்தம் கேட்டது. அந்த ஆறு நாளும் புதிதாக எந்தப் பிள்ளைக்கும் வயிறு போகவில்லை. ஏழாம் நாள் பண்டாரக் காவலன் உம்மிடம் வந்து சொன்னான், ஊர்வலம் மீண்டது. அவளைவிட்டால் கஞ்சி காய்ச்ச ஆள் இல்லாததால், சாத்தி இன்றும் வேல் ஏந்திய இரு ஆட்களின் காவலில் அடுப்பு மூட்டுகிறாள்.

விழுப்பரையரே, அவள் கல்லாதவள். ஆயினும் நம் அரண்மனை இருநூறு ஆண்டுகளாகக் காணாத ஒன்றைக் கண்டுவிட்டாள். ருசி பார்ப்பவன் கஞ்சி எப்படி இருந்தது என்று மட்டுமே அறிவான். பிள்ளை உண்ணும் வேளையில் அது எப்படி ஆகிவிட்டது என்று அறியான். இதைக் கேட்ட பெருந்தேவியார், தம் உணவு எப்போதும் ஆறியே வருவதன் காரணம் விளங்கியது என்றார்.

ஆகவே ஆணை இது. கஞ்சி இறக்கி, வாய் பொறுக்கும் சூட்டுக்கு வந்த உடனே பிள்ளைகளுக்கு ஊட்டுக. ஊட்டுபவரும் உண்பவரும் கை கழுவுக. பரிமாறும் அகப்பை எவர் வாயிலும் படாதிருக்க. பானைக்கு மூடி இடுக. மரியாதை பற்றிப் பானை முறையிடாது. சளி, இருமல், வயிற்றுநோய் உடையவர், எத்தனை கவரி பெற்றவராயினும், பிள்ளைமனை வாசலுக்கு வெளியே நிற்க.

உமது வழக்கத்தையும் நாம் கைவிடச் சொல்லவில்லை. பிள்ளைகள் உண்டபின் எஞ்சிய கஞ்சியை, அதே திறந்த பானையில், அதே அகப்பையோடு, அதே குடையின் கீழ், சங்கு ஊதி, கோட்டைக்கு ஏற்றுக. அங்கே உச்சிப் பொழுதில் நீரும் மற்ற நால்வரும் ஆளுக்கு ஒரு கிண்ணம், கண்ணால் அன்று, வாயால் உண்க. நாற்பத்தெட்டு நாள் இவ்வாறு செய்து, ஐவரும் தத்தம் காலால் நடந்து தலைநகர் வந்து, இதனால் கேடில்லை என்று சொன்னால், சாத்தியின் தண்டனையைக் கருதுவோம். இடையில் ஒருவரேனும் கிண்ணத்தை மறுத்தால் அத்தண்டனை அன்றே செல்லாது; இத்துடன் திருப்பி அனுப்பும் உமது தண்டனை ஓலையை அடுப்பு மூட்ட அவளிடம் தருக. காய்ந்த பனையோலை நன்றாகப் பற்றும்.

அதுவரை பிள்ளைமனைக்கு அவளே தலைவி. வேலாட்கள் இருவரும் வேலைக் கீழே வைத்துவிட்டு அவளுக்குத் தண்ணீர் சுமப்பாராக.

கார்த்திகைத் திங்கள் ஒன்பதாம் நாள், பெருந்தேவியார் கேட்டிருக்க எழுதி, அவர் கைமோதிரத்தால் அரக்கில் முத்திரை பதித்தது. ஓலை சேரும் நாளின் கஞ்சியிலிருந்தே இது நடப்பதாக.