போறேன் மிஸ்

ஐப்பசி, வியாழன் இரவு

என் மாணவி ரஹ்மத் எழுதிய விடை தூங்கவிட மாட்டேன் என்கிறது. ஆங்கில இலக்கியச் சொற்கள் தேர்வில் யூஃபமிசத்துக்கு ஓர் உதாரணம் கேட்டிருந்தோம். அமங்கலத்தை நேரே சொல்லாமல் இதமாக மாற்றிச் சொல்வது என்று நான்தான் வகுப்பில் நடத்தினேன். மற்றவர்கள் கைடில் உள்ளபடி 'பாஸ்டு அவே' என்று எழுத, இவள் மட்டும் 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று எழுதியிருக்கிறாள். தாள் திருத்திய துறைத்தலைவி சிவப்பு மையில் அடித்துவிட்டார்.

மதியம் தாளோடு என்னிடம் வந்தாள். "வீட்ட விட்டு எறங்கும்போது வெறுமன போறேன்னு சொன்னா எங்க உம்மா ஏசுவாங்க மிஸ். எறந்து மௌத்தானவங்கதான் திரும்பி வராமப் போவாங்களாம். அதான் எழுதுனேன்."

இதைவிடச் சரியான உதாரணம் என்னிடமே இல்லை. துறைத்தலைவியிடம் போய்ச் சொன்னேன்.

"இது தப்பு இங்கிலீஷ்லா. இதுக்கு மார்க் போட்டா எல்லாவளும் இப்படித்தான் எழுதுவா."

"நாம கேட்டது உதாரணம்தானே மேடம்?"

பேனாவை மூடி வைத்துவிட்டார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் ரஹ்மத் மறுபடி என்னிடம் வந்தாள். "நான் பி.காமுக்கு மாறிக்கிடுதேன் மிஸ். இங்கிலீஷ் எனக்கு வராது." நான் பதில் சொல்வதற்குள் மேலப்பாளையம் பஸ் வந்துவிட்டது. "போறேன் மிஸ்" என்றாள். வெறும் போறேன். தினமும் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறுகிறவள்.

நாளை முதல் வேலை அந்தத் தாள்தான். துறைத்தலைவி மசியாவிட்டால் முதல்வரிடம் போவேன். அந்த மார்க்கும் வர வேண்டும், அவளும் வர வேண்டும்.