மிளகுத்தூள் தந்த ஆசீர்வாதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தப் பனிக்கு உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அப்பா இருமல் மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாரா? சிகாகோவில் நான் சுகம்.

நேற்று நான் கல்லாவில் நிற்கும் கடையில் ஒரு கூத்து. யாருக்கும் 'கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்' சொல்லக்கூடாது, 'விடுமுறை வாழ்த்துகள்' என்றே சொல்ல வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு. எனக்கு ஏது விடுமுறை? ஆனாலும் சொன்னேன். வான்கோழி வாங்க வந்த கிழவர் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, ஏசு பேரைச் சொன்னா வாய் வெந்துடுமா?"

பின்னால் நின்ற பெண் விடவில்லை. "நான் சாமியே கும்பிடறதில்ல சார். எனக்கு எதுக்கு ஏசு?"

"அப்ப லீவு மட்டும் இனிக்குதாக்கும்!" என்று கிழவர் கையிலிருந்த மிளகுத்தூள் டப்பாவைக் கல்லாமேல் ஓங்கி வைத்தார். மூடி தெறித்தது. மேனேஜர் ஓடி வருவதற்கும் நான் கடையே அதிரத் தும்முவதற்கும் சரியாக இருந்தது.

"கடவுள் உன்ன ஆசீர்வதிக்கட்டும்!" என்றார்கள் மூவரும் ஒரே குரலில், தும்மியவரை வாழ்த்தும் வழக்கப்படி. சாமி கும்பிடாதவள் குரல்தான் உரக்கக் கேட்டது. பிறகு மூவரும் ஒருவரையொருவர் பார்த்து அசடு வழிந்தார்கள்.

என் பழைய கம்பளிக் காலுறையை அனுப்பு. நீ செய்யும் பழக் கேக் ஒரு துண்டும் வை, காய்ந்திருந்தாலும் பரவாயில்லை.

கடைக்குப் போகும் பஸ் வருகிறது. சட்டைப்பையில் கொஞ்சம் மிளகுத்தூள் போட்டுக்கொண்டேன். அறையில் தும்மினால் ஏனென்று கேட்க ஆளில்லை அம்மா, கடையில் தும்மினால் மூன்று பேர் வாழ்த்துகிறார்கள்.

உன் லொரேட்டா