பதில் அடிக்காத பெல்

இன்று காலை தொண்டூரிலிருந்து சைக்கிளில் கிளம்பினால், மார்கழிப் பனி ரோட்டையே முழுங்கியிருந்தது. கோட்டை மலையும் இல்லை, பக்கத்துப் புளியமரமும் இல்லை. ஹாண்டில்பாரைப் பிடித்த விரல் விறைத்துப் போனது. முன்னால் யாரோ பெல் அடித்துக்கொண்டே போனார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் மேலே மிதிக்க எனக்குக் கால் வரவில்லையடா.

செஞ்சி நெல் மண்டிக்கு நாம் வேலைக்குப் போன காலத்தில் ஓர் ஏற்பாடு வைத்திருந்தோமே. பனி மூடிய நாட்களில் முன்னால் போகும் நீ பெல் அடிப்பாய். பின்னால் வரும் நான் பதிலுக்கு அடிக்க வேண்டும். பதில் வராவிட்டால் நான் எங்கோ விழுந்து கிடக்கிறேன் என்று அர்த்தம்.

பனிக்குள் நின்ற எருமையிடம் "கொஞ்சம் வழி வுடுங்க சார்" என்று நான் கெஞ்சியதை ஒருநாள் மண்டி முழுக்கச் சொல்லிச் சிரிக்க வைத்தாய். மூட்டை தூக்குகிறவர்கள்கூட என்னைப் பார்த்தால் "சார், வழி!" என்றார்கள். எனக்கு வந்ததே ஆத்திரம்! மறுநாள் ஏரிக்கரையில் நீ பெல் அடித்தாய். வேண்டுமென்றே நான் அடிக்கவில்லை. மறுபடி அடித்தாய். வீம்பாக இருந்தேன். என்னைத் தேடித் திரும்பி வந்தவன் கரை தெரியாமல் பள்ளத்தில் விழுந்தாய். இடது கை உடைந்தது. "பெல்லு மக்கர் பண்ணுதுடா" என்று புளுகினேன். நீ நல்ல கையை நீட்டி, "தூக்கி வுடுடா" என்றாய்.

போன ஆடியில் மாரடைப்பில் நீ போய்ச் சேரும்வரை உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று தாங்க முடியாமல் சைக்கிளை உன் வீட்டுக்குத் திருப்பினேன். வாசல் தெளித்துக்கொண்டிருந்த உன் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். தங்கச்சி வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்துவிட்டது.

"இன்னாண்ணா, இதுக்கா கண்ணு கலங்குறீங்க? அவருக்கு அப்பவே தெரியும். 'கோவத்துல பெல்லு அடிக்கல அவன், சமாதானம் பண்ணலாம்னு திரும்புனேன், வுழுந்துட்டேன்'னு அன்னிக்கே சொல்லிச் சிரிச்சாரு. 'அவன்கிட்ட கேட்டுடாத, கூச்சப்படுவான்'னாரு."

அப்பாடா! எத்தனை வருஷப் பாரம். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கையில் கட்டோடு ஒன்றரை மாதம் என் கேரியரில் உட்கார்ந்துதானே வேலைக்கு வந்தாய்? அதே ஏரிக்கரை, அதே பனி. பாவம், இவனுக்கு விஷயம் தெரியாது, அதனால்தான் என்னை நம்பி ஏறுகிறான் என்று உள்ளுக்குள் குமைந்தபடியே மிதித்தேன். உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் தினமும் ஏறி, நல்ல கையால் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாய். இனி அந்தப் பிடியை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.